மாத்திரை எழுதாத கோழி டாக்டர்

எங்கள் தொழிலில் நோயாளியின் மொத்த ஆயுசே நாற்பது நாள்தான்; அதற்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

நாமக்கல்லில் பிறந்தவளுக்குக் கோழியை விட்டால் வேறு கதி ஏது? கால்நடை மருத்துவம் படித்தேன், பெங்களூருக்கு வந்தேன். ஆறு வருடமாக ஒரு கோழிக்கறி கம்பெனியில் பண்ணை டாக்டர். ஆபீஸ் பொம்மசந்திராவில். பண்ணைகள் ஆனேக்கல், மாலூர், ஓசூர் என்று சுற்றுவட்டாரத்தில். எங்கள் பாக்கெட்டில் பச்சையாக ஒரு லேபிள் இருக்கும்: 'ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது'. அதைப் பார்த்து ஜனங்கள் நிம்மதியாக வாங்கிப் போகிறார்கள். கஷ்டம் என்னவென்றால், பாக்டீரியாவுக்குப் படிக்கத் தெரியாது. லேபிள் ஒட்டிய கோழி, ஒட்டாத கோழி என்று அது பேதம் பார்ப்பதில்லை.

கொட்டகையிலிருந்து நேராக பஸ் ஏறி, பக்கத்து சீட் தானாகக் காலியாவதைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், மேலே படியுங்கள். நாம் ஒரே கட்சி.

வேலை கேட்கப் போன கதை

கேள்வி கேட்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வாயே திறக்கவில்லை. பேசியது கார்த்திக் மட்டும். கோயம்புத்தூர்க்காரர், விற்பனை, விளம்பரம் எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முந்தைய கம்பெனியில் ஷாம்பு விற்றுக்கொண்டிருந்தாராம். "ஒரு பேட்ச்ல கோழிங்க திடீர்னு சாக ஆரம்பிக்குது. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். எனக்கு இது பள்ளிக்கூடப் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்ட மாதிரி இருந்தது. செத்த கோழியை அறுத்துப் பார்ப்பேன், எந்த பாக்டீரியா என்று லேபுக்கு அனுப்பிக் கண்டுபிடிப்பேன், அது எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்குகிறதோ அதைத் தண்ணீரில் கலந்து கொடுப்பேன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் மேஜைமேல் இருந்த பச்சை லேபிள் பாக்கெட் என் கண்ணில் பட்டது. "அது கடைசிப் பட்சம் சார். காத்து, தண்ணி, படுக்கை, தடுப்பூசி நாலும் ஒழுங்கா இருந்தா பாதி வியாதி கிட்டயே வராது" என்று வண்டியைத் திருப்பினேன். பயத்தில் சொன்னதுதான், ஆனால் உண்மையும் அதுதான். வேலை கிடைத்துவிட்டது. கை குலுக்கும்போது கார்த்திக் சொன்னார்:

"உங்க ட்ரீட்மென்ட்ல கோழிக்கு ஒண்ணும் ஆகாது மேடம். பிராண்டுக்குத்தான் சைடு எஃபெக்ட் வருது."

காக்ஸ் டவுன் செக்போஸ்ட்

காக்ஸ் டவுனில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடியில் எனக்கு ஒரு ரூம் கிடைத்தது. டீச்சர் ரிடையர் ஆனவர், தனியாக இருந்தார். கோழி டாக்டர் என்றதும் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கிறிஸ்துமஸுக்கு நல்ல கோழியாகப் பார்த்து வாங்கித் தர ஒரு ஆள் கிடைத்ததே என்று அட்வான்ஸில்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். முதல் நாள் சாயந்திரம் நான் பண்ணையிலிருந்து திரும்பி வந்து கேட்டைத் திறந்தேன். அத்தோடு அந்த சந்தோஷம் முடிந்தது.

மறுநாள் வந்தபோது பின்பக்கக் குழாயடியில் ஒரு பக்கெட், அதில் கிருமிநாசினி கலந்த தண்ணீர், பக்கத்தில் புது ரப்பர் செருப்பு, கொடியில் ஒரு நைட்டி. வெளிச்செருப்பு கேட்டோடு நிற்க வேண்டும், கால் கழுவ வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், அப்புறம்தான் மாடிப்படி. இதைத்தான் நான் அப்புறம் பண்ணைக்காரர்களிடம் மாதக்கணக்கில் தொண்டை வறளக் கத்தினேன்: ஒரு கொட்டகையின் கிருமி அடுத்த கொட்டகைக்குச் செருப்பில்தான் சவாரி போகிறது, வாசலில் காலை முக்குங்கள், உடுப்பை மாற்றுங்கள் என்று. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டீச்சர் ஒரே நாளில் செய்துவிட்டார். "அவ்வளவு ஒண்ணும் நாத்தம் இல்லையே டீச்சர், உமி வாசனைதான்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் எல்.கே.ஜி. கிளாஸ் எடுத்தவ நான். எது என்ன வாசனைன்னு எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்மா."

கண்ணாடி

முனிராஜு எங்கள் பண்ணைக்காரர்களில் மூத்தவர். ஆனேக்கல் தாண்டி அவருக்கு இரண்டு கொட்டகை. கன்னடக்காரர், ஆனால் தமிழ் தண்ணீர் மாதிரி வரும். நடுவில் இரண்டு கன்னட வார்த்தை கல்லாக உருளும். ஒரு நாள் போன் பண்ணி, கோழிகள் மூச்சுக்குத் திணறுகின்றன, தினமும் பத்துப் பதினைந்து விழுகிறது என்றார். போனேன். கதவைத் திறந்ததுமே கண்ணில் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாய் கசிந்து, தரையில் பரப்பிய உமி முழுக்க நனைந்து, எச்சத்தோடு சேர்ந்து புளித்து, அமோனியா மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஆவி கோழியின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்புறம் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு யாரும் வழி காட்ட வேண்டாம், திறந்த வீட்டில் நுழைவதுபோல நுழைந்துவிடும். ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஈரல்மேல் பால் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஆபீஸுக்குப் போன் போட்டு, "லிட்டர் ரொம்ப ஈரம் சார், உடனே மாத்தணும்" என்றேன். கோழிப் படுக்கைக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். எதிர்முனையில் கார்த்திக், "எத்தனை லிட்டர் மேடம்?" என்று கேட்டார். அவருக்கு அதை விளக்கி முடிப்பதற்குள் என் இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. முனிராஜு பக்கத்தில் சிரித்த முகமாக நின்றிருந்தார். உள்ளே நிற்கவே முடியவில்லையே, உங்களுக்குக் கண் எரியவில்லையா என்று கேட்டேன். இருபது வருடமாகப் பழகிவிட்டது என்றார். கோழிக்குப் பழக இருபது வருடம் இல்லையே, பத்தொன்பது நாள்தானே ஆகிறது என்றேன். ஈர உமியை அள்ளி வெளியே கொட்டவும், குழாயை மாற்றவும், கொட்டகையின் பக்கவாட்டுத் திரையைத் தூக்கிக் காற்று விடவும் ஒப்புக்கொண்டார். அப்படிச் செய்த பின் ஒரு வாரத்தில் சாவு நின்றது. ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் கடைசியாக ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார்:

"ஸ்வல்ப யோசனை பண்ணுங்க டாக்டரம்மா. கண்ணுதான் பிரச்சினைன்னா, உமி மாத்தறதுக்குப் பதிலா கம்பெனில சொல்லி உங்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக்கலாமே."

தண்ணீருக்கு வந்த காய்ச்சல்

அதே முனிராஜு. அடுத்த பேட்ச். ஒரு கோழிகூட தும்மவில்லை, ஒன்றுகூடச் சாகவில்லை. நான் மீட்டிங்கில் அவர் பேரைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். படுக்கை மாற்றினால் எப்பேர்ப்பட்ட பலன் பாருங்கள் என்று படம் வரைந்து விளக்கினேன். கோழிகளை விற்பனைக்குப் பிடிப்பதற்கு நான்கு நாள் முன்னால், வழக்கம்போல லேபுக்குக் கறி சாம்பிள் போனது. அதில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. லேப் பெண் போனில், "மேடம், இந்தக் கோழியைச் சாப்பிட்டா சளி இருமலே சரியாயிடும் போல" என்றாள்.

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். முனிராஜு சத்தியம் செய்தார். தன் கையால் ஒரு கோழி வாயில்கூட மருந்து வைத்ததில்லை என்று வாசலில் இருந்த முனீஸ்வரனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்தேன். அடியில் மஞ்சளாகப் பொடி படிந்திருந்தது. பக்கத்திலேயே மருந்துக் கடைக் கவர், பாதி கிழிந்தபடி. அதற்கப்புறம் அவர் பொய் சொல்லவில்லை, சட்டம் பேசினார். அந்தப் பேட்ச் முழுவதும் பச்சை லேபிள் இல்லாமல், மருந்து உடம்பிலிருந்து இறங்குகிற வரை காத்திருந்து, சாதாரண மார்க்கெட்டுக்குப் போனது. லாரி கிளம்பும்வரை அவர் அதே கட்சியில்தான் நின்றார்:

"நான் மருந்து போட்டது தண்ணிக்கு டாக்டரம்மா. அதைக் கோழி குடிச்சா, அது கோழி பண்ண தப்பு."

பாஷா பாயின் மூக்கு

எங்கள் ஜீப் டிரைவர் பாஷா பாய் சிவாஜிநகர்க்காரர். தமிழ், கன்னடம், உருது மூன்றும் அவர் வாயில் ஒரே தட்டில் பரிமாறப்படும். வண்டி ஓட்டுவதோடு, நான் பிரேதப் பரிசோதனை செய்யும்போது கோழிக் காலைப் பிடித்துக்கொள்வதும் அவர் வேலை. அது வேலை உத்தரவில் இல்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். மாலூர் பக்கம் ஒரு பண்ணையில், நன்றாகக் கொழுத்த கோழிகளாகப் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தன. காலையில் தீனி தின்றது, மத்தியானம் காலை நீட்டிக் கிடக்கிறது. ஜீப் பானெட்மேல் பேப்பர் விரித்து ஒன்றை அறுத்தேன். குடல் பலூன் மாதிரி ஊதியிருந்தது. கத்தி பட்டதும் காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. உள்பக்கம் பழைய குளியல் துண்டு போல சொரசொரவென்று, பழுப்பாக. குடலையே அரிக்கிற க்ளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியா. மற்ற பண்ணைகளில் இது வராமல் இருக்கத் தீனியிலேயே மருந்து கலந்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் தீனியில் சின்னத் தப்பு நடந்தாலும் குடல் காட்டிக்கொடுத்துவிடும்.

தப்பு எங்கே என்று தேடிப் போனேன். தீவன மில்லில் அந்த வாரம் சோயா வரத்து குறைவாம். ஈடுகட்ட மீன் தூளை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஜீரணமாகாத மீன் தூள் அந்த பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்து. தீனியை மாற்றி, குடலுக்கு நல்ல பாக்டீரியா கலந்த பொடியைத் தண்ணீரில் கொடுத்து, ஐந்து நாளில் ஒரு வழியாகக் கட்டுக்குள் வந்தது. ஆனால் அந்த பானெட் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் என் காதில் விழுவது பாஷா பாய் குரல்தான். ஒரு கையால் கோழிக் காலைப் பிடித்தபடி, முகத்தை முடிந்த மட்டும் ஓசூர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"ஒரு மணி நேரம் முன்னாடிதான் செத்துச்சுன்னு சொல்றாங்க மேடம். வாசனை போன எலக்ஷன்ல செத்த மாதிரி இருக்கு."

ரீல்ஸ் எடுக்க வந்த பெண்

கார்த்திக்குக் கம்பெனி பேரை இன்ஸ்டாவில் பரப்ப ஆசை. கோரமங்களாவிலிருந்து ஒரு பெண்ணைப் பண்ணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். நல்ல பெண்தான். தமிழும் பேசினாள். வாசலில் சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்த தொட்டியில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றேன். அவள் தன் வெள்ளை ஷூவைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், கார்த்திக்கைப் பார்த்தாள். கார்த்திக் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். கடைசியில் என் ரப்பர் பூட்ஸை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். அவள் ஓடி வந்தால் கோழிகள் பின்னால் துள்ளி ஓடி வர வேண்டும் என்பது காட்சி. முப்பத்தைந்து நாள் பிராய்லர் கோழி எங்கே துள்ளும்? நாலு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம் அவள் மட்டும் ஓடினாள். வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவள், செல்போனில் எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் வாடி என்னிடம் கேட்டாள்:

"மேடம், எல்லாமே வெள்ளையா, ஒரே மாதிரி இருக்கு. கொஞ்சம் டைவர்சிட்டி காட்ட முடியாதா?"

சிங்க் விவகாரம்

சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் சனிக்கிழமை காலை வாடிக்கையாளர் சந்திப்பு. முக்கால்வாசி பேர் ஐ.டி.க்காரர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், எங்கள் கோழியை வாங்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் இரண்டு தடவை வயிறு போய்விட்டது என்று புகார் சொன்னார். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கார்த்திக் காபி டம்ளரைக் கீழே வைத்தார். எப்படிச் சமைத்தீர்கள் என்று விசாரித்தேன். பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்து நன்றாக அலசுவாராம். தண்ணீர் தெறிக்குமே, பக்கத்தில் என்ன இருந்தது என்றேன். அறுத்து வைத்த வெள்ளரிக்காய் இருந்ததாம். கோழியை வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் நறுக்குவாராம். சாஃப்டாக இருக்க வேண்டும் என்று கறியை அரைவேக்காட்டில் இறக்குவாராம்.

எந்தக் கோழியாக இருந்தாலும் பச்சைக் கறியில் சால்மொனெல்லா மாதிரி பாக்டீரியா இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை என்றால் பாக்டீரியா இல்லை என்று அர்த்தம் கிடையாது. அலசினால் கிருமி போகாது, சமையலறை முழுக்கத் தெறிக்கத்தான் செய்யும். கொதிக்கக் கொதிக்க உள்ளே வரை வேக வைப்பதுதான் ஒரே வழி என்று அரை மணி நேரம் சொன்னேன். தனிக் கத்தி, தனிப் பலகை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது என்று எல்லாம் செய்துகூடக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. எழுந்து கிளம்பும்போது திருநெல்வேலிக்காரர் என் பக்கத்தில் வந்து, ஒரு சந்தேகம் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"உங்க கோழியில இருக்கது ஆர்கானிக் பாக்டீரியாதான மேடம்? அது உடம்புக்கு நல்லதுன்னுல்லா நெனச்சேன்."

செல்வி கேட்ட கேள்வி

இது சிரித்துக்கொண்டே சொல்கிற கதை இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

செல்வி தருமபுரிக்காரி. கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். ஆனேக்கல் பக்கம் குத்தகை நிலத்தில் நாலாயிரம் கோழிக்கான கொட்டகையை அவள் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் பண்ணைகளில் நான் எதுவுமே சொல்லத் தேவையில்லாத பண்ணை அது ஒன்றுதான். தினமும் எத்தனை செத்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று சுவரில் சாக்பீஸில் எழுதி வைத்திருப்பாள். மருந்தே இல்லாமல் கோழி வளர்க்க முடியுமா என்று யார் கேட்டாலும், போய்ச் செல்வி கொட்டகையைப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

ஒரு ஆடி மாதம் பத்து நாள் விடாமல் தூறல், குளிர். கோழிக்குக் குளிருமே என்று அவள் திரைகளை முழுக்க இறக்கிவிட்டிருந்தாள். காற்று உள்ளேயே அடைந்து கெட்டுப்போனது. கோழிகளும் அப்போதுதான் தடுப்பூசி போட்ட களைப்பில் இருந்தன. குஞ்சு விட்ட பதினெட்டாம் நாள் போன் பண்ணினாள். "சத்தம் மாறிடுச்சு டாக்டரம்மா. வந்து கேளுங்க" என்றாள். போனேன். கொட்டகை முழுக்கக் கீச்சுக்கீச்சென்று தும்மல். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் கும்பலாக நின்றிருந்தன. மூன்றை அறுத்துப் பார்த்ததில் இதயத்தின்மேல் வெள்ளை உறை போர்த்தியிருந்தது. ஈ.கோலை ரத்தத்துக்கே போய்விட்டது. சாம்பிளை லேபுக்கு அனுப்பினேன். திரையைத் தூக்கு, உமியைக் கிளறிப் புதிது போடு, தண்ணீரில் கிருமியை அடக்கும் லேசான அமிலம் கல, வைட்டமின் கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆன்டிபயாடிக் எழுதவில்லை.

மறுநாள் நாற்பது செத்தது. அதற்கு மறுநாள் தொண்ணூறு. அந்த இரண்டாம் நாளே எனக்குத் தெரியும், இது காற்றாலும் வைட்டமினாலும் நிற்கிற நோய் இல்லை என்று. கார்த்திக் போன் பண்ணி, இந்தப் பேட்சை ஏற்கெனவே பச்சை லேபிள் ஆர்டருக்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். பழியை அவர்மேல் போட எனக்கு ஆசைதான், ஆனால் அது நியாயமில்லை. செல்வி பண்ணையில் ஆன்டிபயாடிக் என்று என் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை. இத்தனை நாள் மீட்டிங்குக்கு மீட்டிங் நான் பேசிய பேச்சு குறுக்கே நின்றது. என் கௌரவத்துக்காகத்தான் ஒரு நாள் காத்திருந்தேன். காத்திருந்தது நான், செத்தது கோழி.

மூன்றாம் நாள் காலையில் போனபோது மழை நின்றிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, பக்கத்தில் செத்த கோழிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். நூற்று அறுபது. கையில் சுண்ணாம்பு மூட்டை. என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மருந்து இருக்கா, இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு."

"அப்புறம்?"

அங்கேயே நின்றுகொண்டு கார்த்திக்குப் போன் போட்டு, இந்தப் பேட்ச் லேபிளிலிருந்து வெளியே போகிறது, இன்றைக்கே மருந்து ஆரம்பிக்கிறேன் என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன். அவரோ, "சரி மேடம். சாதாரணக் கோழியா எடுத்துக்க ஆள் நான் பாக்கறேன். நீங்க கோழியைப் பாருங்க" என்றார். அன்றைக்குத்தான் லேபிலிருந்து எந்த மருந்துக்கு அந்த பாக்டீரியா அடங்கும் என்ற ரிப்போர்ட்டும் வந்தது. ஐந்து நாள் தண்ணீரில் கொடுத்தோம். நூற்று அறுபது என்ற கணக்கு எழுபதாக இறங்கி, இருபதாகி, நாலாகி நின்றது. சுவரில் அந்த எண்கள் இறங்குவதை நான் தினமும் போய்ப் பார்த்தேன். வேறு வேலை ஓடவில்லை.

மருந்து உடம்பிலிருந்து இறங்குகிற நாள் கணக்கு முடிந்த பிறகு லாரி வந்து கோழிகளைப் பிடித்துப் போனது. காலியான கொட்டகையில் செல்வி உமியை வாரிக்கொண்டிருந்தாள். இனிமேல் எங்கள் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். "முன்னாடியே குடுத்திருக்கணும் செல்வி. ஒரு நாள் நான் லேட் பண்ணிட்டேன்" என்றேன். அவள் வாருவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே சொன்னாள்:

"அடுத்த வாட்டி நான் போன் பண்றப்போ, கம்பெனிக்குப் பண்ணல, டாக்டருக்குப் பண்றேன்னு நெனச்சுக்குங்க."

எனக்கு வந்த பாக்டீரியா

செல்வி பண்ணையில் மருந்து ஆரம்பித்த அந்த வாரமே ஒரு பக்கத்தில் டைப் அடித்து ஆபீஸில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்: கோழிக்கு மருந்து தேவையா இல்லையா என்பதில் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, மருந்து கொடுத்த பேட்சுக்கு லேபிள் கிடையாது, ஆனால் லேபிளுக்காக மருந்தை நிறுத்தக் கூடாது. முதல் கையெழுத்து போட்டது கார்த்திக். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒரு எழுத்துப்பிழையை வட்டம் போட்டுத் திருத்தியிருந்தார்.

அதே சமயம் என் ஆள்காட்டி விரல் வீங்க ஆரம்பித்தது. செல்வி பண்ணையில் கோழியை அறுக்கும்போது கத்தி கையுறையைத் தாண்டி லேசாகக் கீறியிருந்தது. கவனிக்கவில்லை. நாலு நாளில் விரல் வாழைப்பூ நிறத்தில் உப்பி, காய்ச்சல் வந்து, முழங்கை வரை வலி. ஸ்டெல்லா டீச்சர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே டாக்டர் பார்த்தார், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். அவர் என்ன, என்னைப் போலவா. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நடுவில் நிறுத்தாமல் ஏழு நாளும் ஒழுங்காக விழுங்கினேன். பாதியில் விட்டால் மிச்சமிருக்கிற கிருமி இன்னும் முரட்டுத்தனமாக வளரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் ஆயிற்றே. லீவு கேட்டுக் கார்த்திக்குச் செய்தி அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில் வந்தது:

"ரெஸ்ட் எடுங்க மேடம். ஆனா இனிமே உங்களை எங்க லேபிள்ல விக்க முடியாது."

மருந்து எழுதாத டாக்டராக இருப்பதில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று யாரும் என்னோடு சண்டைக்கு வர முடியாது, வேறு எல்லாவற்றுக்கும் வருவார்கள்.